ஆடு மேய்க்கிற பையன் ஏன் உலகைக் காப்பாற்ற மறுக்கிறான்?

'தி வீல் ஆஃப் டைம்' தொடரை அமேசான் 2025 மே மாதம் மூன்று சீசனோடு நிறுத்திவிட்டது. பாதியில் நின்ற கதை எங்கே போகிறது என்று பார்க்க ராபர்ட் ஜோர்டானின் மூல நாவல்களைக் கையில் எடுத்தால் சீக்கிரமே ஓரிடத்தில் எரிச்சல் வரும். உலகைக் காக்கப் பிறந்தவன் ராண்ட் அல்தோர் என்ற ஆட்டுக்காரப் பையன்தான் என்பது முதல் புத்தகம் முடியும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுக்கும் உள்ளூரத் தெரியும். ஆனாலும் இரண்டாவது புத்தகம் முழுக்க 'நான் அவனில்லை' என்கிறான், மூன்றாவதில் எல்லாரையும் விட்டுவிட்டுக் கிளம்பியே போய்விடுகிறான். கடைசியில் எப்படியும் ஒத்துக்கொள்ளத்தானே போகிறாய், அப்புறம் எதற்கு இத்தனை நூறு பக்க இழுவை?

நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா மறுப்பும் இழுவை இல்லை. ஒரு மறுப்பு வெறும் பக்கம் நிரப்பலா, கதைக்கே முதுகெலும்பா என்று கண்டுபிடிக்க ஒரு விஷயத்தைப் பார்த்தால் போதும்: எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தானோ, அந்தக் காரணம் அவன் ஒத்துக்கொண்ட பிறகும் உண்மையாகவே இருக்கிறதா? ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பல கதைகளின் திருப்பங்கள் கீழே வரும், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் சில அடிப்படைகள்

காவிய ஃபேன்டஸி என்பது ஒரு முழுக் கற்பனை உலகம், அந்த உலகமே அழியப்போகிற ஆபத்து, அதைத் தடுக்கிற பொறுப்பு ஒருவர் அல்லது சிலர் தலையில், இந்த மூன்றும் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரு தீர்க்கதரிசனம் இருக்கும், அது நாயகன் பிறப்பதற்கு முன்பே அவனைப் பற்றிப் பேசி முடித்திருக்கும். அதைக் கேட்டதும் வாளை உருவுகிறவன் ஒரு ரகம், 'வேற ஆளைப் பாருங்க' என்கிறவன் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைத்தான் தயங்கும் நாயகன் என்கிறோம்.

இது ஃபேன்டஸிக்காரர்கள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே போட்ட அர்ஜுனன் இந்த வரிசையில் வருவான். பைபிளில் மோசேயும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்தான், எரிகிற புதரிலிருந்து கடவுளே கூப்பிடுகிறார், அவரோ எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். கிரேக்கக் கதையில் ஒடிசியஸ் இன்னும் ஒரு படி மேலே: டிராய் போருக்கு வரச்சொல்லி ஆள் வந்ததும், பைத்தியம் பிடித்தவன்போல வயலில் உப்பை விதைத்து உழுகிறான். வந்தவன் கெட்டிக்காரன், குழந்தை டெலிமாக்கஸைத் தூக்கி ஏருக்கு முன்னால் வைக்கிறான், ஒடிசியஸ் ஏரைத் திருப்புகிறான், குட்டு உடைகிறது.

1949இல் ஜோசப் கேம்பெல் உலகப் புராணங்களையெல்லாம் ஒப்பிட்டு ஒரு பொதுவான பயணப் பாதையை வரைந்தார். அதில் அழைப்புக்கு அடுத்த படியே 'அழைப்பை மறுத்தல்'. 1980களில் கிறிஸ்டஃபர் வோக்லர் டிஸ்னியில் வேலை பார்த்தபோது இதை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார், ஹாலிவுட் முழுக்க அது சுற்றியது. அதன் நல்ல விளைவு, திரைக்கதை எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை கிடைத்தது. கெட்ட விளைவு, மறுப்பு ஒரு சடங்காகிவிட்டது. பதினைந்தாவது நிமிடத்தில் மாட்டேன், இருபத்தைந்தாவது நிமிடத்தில் சரி வருகிறேன். வாசகர்களுக்கு இன்று மறுப்பு என்றாலே அலுப்பாக இருப்பதற்கு இந்தச் சடங்குதான் முக்கியக் காரணம்.

எதற்காக மறுக்கிறார்கள்?

'மாட்டேன்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம்.

1. தகுதி பற்றிய சந்தேகம். என்னால் முடியாது என்பது. மோசே சொன்னது இதைத்தான். எழுதுவதற்கு மிகச் சுலபம், தீர்ப்பதற்கும் சுலபம்: ஒரு வெற்றி கிடைத்தால் போதும், சந்தேகம் போய்விடும். அதனாலேயே மிக பலவீனமான காரணமும் இதுதான்.

2. விலை பற்றிய பயம். என்னால் முடியும், ஆனால் அதற்கு நான் கொடுக்கவேண்டியது அதிகம் என்பது. போருக்குப் போனால் இருபது வருடம் வீடு திரும்ப முடியாது என்று ஒடிசியஸுக்குக் குறி சொல்லப்பட்டிருந்தது. அது அப்படியே நடந்தது.

3. விளைவு பற்றிய பயம். நான் ஜெயித்தால் உலகத்துக்கே ஆபத்து என்பது. 1965இல் வெளிவந்த 'டூன்' நாவலின் பால் அட்ரெய்டிஸ், தன் பெயரால் ஒரு புனிதப் போர் பிரபஞ்சம் முழுக்கப் பரவப்போவதை முன்கூட்டியே காண்கிறான், தவிர்க்கப் பார்க்கிறான், முடிவதில்லை. அடுத்த நாவலில், 12 வருடப் போரில் செத்தவர்கள் குறைத்துக் கணக்கிட்டாலே 6,100 கோடி என்று அவனே சொல்கிறான். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மந்திரவாதி காண்டால்ஃபும் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலும், உலகையே அடக்கி ஆளவைக்கும் தீய மோதிரத்தை ஏற்க மறுப்பதும் இந்த வகையில்தான் வரும்.

4. கூப்பிடுகிறவர் மேல் நம்பிக்கையின்மை. விதி என்று நீ சொல்வது உன் திட்டமாக இருந்தால்? இதை ஃபேன்டஸி வாசகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. வயதான, எல்லாம் தெரிந்த ஒருவர் பாதித் தகவலை மறைத்துக்கொண்டு ஒரு சின்னப் பையனை ஊரைவிட்டுக் கிளப்புகிறார் என்றால் சந்தேகப்படுவதுதான் புத்தியுள்ளவன் வேலை.

ராண்டின் மறுப்பு நீளமாக இருப்பதற்குக் காரணம், அவனுக்கு இதில் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது மட்டும்தான் அவனுக்குப் பெரிய பிரச்சினை இல்லை.

ராண்ட்: மூன்று புத்தகம் நீளும் 'மாட்டேன்'

முதல் நாவல் 1990இல் வந்தது. அதன் முன்னுரைக் காட்சியிலேயே ஜோர்டான் விலையைச் சொல்லிவிடுகிறார். மூவாயிரம் வருடங்களுக்கும் முன்பு டிராகன் என்று பெயர்பெற்ற லூஸ் தெரின், இடிந்துபோன தன் மாளிகையில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு சுற்றுகிறான். அவள் அங்கேதான் செத்துக்கிடக்கிறாள். கொன்றது அவனேதான், பைத்தியத்தில். ஆண்கள் கையாளும் மந்திர சக்தியில் நஞ்சு கலந்துவிட்டதால் அதைத் தொடுகிற ஒவ்வொரு ஆணும் கடைசியில் இப்படித்தான் ஆவான். எதிரி ஒருவன் வந்து சற்று நேரத்துக்கு அவன் புத்தியைத் தெளியவைக்கிறான், செய்ததைப் பார்க்கட்டும் என்ற ஒரே கெட்ட எண்ணத்தில். பார்த்ததும் லூஸ் தெரின் அங்கிருந்து அகன்று, தாங்க முடியாத அளவு சக்தியை இழுத்துத் தன்னையே அழித்துக்கொள்கிறான், அந்த இடத்தில் ஒரு மலை எழும்புகிறது. அந்த மனிதனின் மறுபிறவிதான் நீ என்று ஒரு பையனிடம் சொல்கிறார்கள். போதாததற்குத் தீர்க்கதரிசனம், கடைசிப் போரில் அவன் ரத்தம் பாறைகளின் மேல் சிந்தும் என்கிறது. இதற்கு 'சரி' என்று உடனே தலையாட்டுகிறவனைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் ராண்டின் முதல் மறுப்பு உலகத்தைப் பற்றியதே இல்லை. ஊரின் மேல் தாக்குதல் நடந்த இரவில், வெட்டுப்பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் அப்பா டாமைக் கட்டைகளில் கம்பளி கட்டிய ஒரு படுக்கையில் போட்டு இருட்டுக் காட்டு வழியாக இழுத்துக்கொண்டு போகிறான். டாம் ஜன்னியில் பிதற்றுகிறார்: பழைய போர், பனி, மலைச்சரிவில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை, நமக்குத்தான் பிள்ளை இல்லையே. ராண்டுக்குக் கால் நடுங்குகிறது. அதற்கப்புறம் புத்தகம் நெடுக அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது 'நான் டாமின் மகன்' என்பதுதான். விதியை ஒத்துக்கொண்டால் முதலில் போவது அப்பா. இதைக் கவனிக்காமல் படித்தால் இரண்டாம் புத்தகத்தின் பிடிவாதம் வெறும் அடமாகத்தான் தெரியும்.

அந்த இரண்டாம் புத்தகத்தில் ஜோர்டான் ஒரு காரியம் செய்கிறார், மொத்தத் தொடரிலும் இந்த விஷயத்துக்கு எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பயண நோக்கில் ஒரு மாயக் கல்லைப் பயன்படுத்தும்போது ஏதோ தவறி, ராண்ட் வாழ்ந்திருக்கக்கூடிய வேறு வாழ்க்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவன் மேல் பாய்கின்றன. ஒன்றில் அவன் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், விவசாயம் பார்க்கிறான், புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குகிறது, கடைசியில் அரக்கப் படை அந்தக் கிராமத்துக்கும் வந்துவிடுகிறது. இப்படி வாழ்க்கை மேல் வாழ்க்கை. ஒவ்வொன்றும் முடியும்போது மறுபடியும் நானே ஜெயித்தேன் என்று ஒரு குரல் காதில் கிசுகிசுக்கிறது. ஓடிப்போனால் என்ன ஆகும் என்று யாரும் உபதேசம் பண்ணவில்லை, அவன் வாழ்ந்தே பார்த்துவிட்டான். இதற்கப்புறமும் அவன் மறுக்கிறான் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் இரண்டு பக்கமும் பைத்தியம்தான் காத்திருக்கிறது.

மூன்றாவது புத்தகத்தின் பெயரே 'மறுபிறவி எடுத்த டிராகன்' என்ற பொருளில் வரும், ஆனால் அதில் ராண்ட் வருகிற பக்கங்கள் ரொம்பக் குறைவு. தன்னந்தனியாக டியர் நகரத்துக்குப் போகிறான். அங்கே கோட்டைக்குள் ஒரு படிக வாள் இருக்கிறது, உண்மையான டிராகனால் மட்டுமே எடுக்க முடியும். வாள் கைக்கு வந்தால் நான் அவன்தான், வராவிட்டால் தப்பித்தேன். பார்ப்பதற்கு விதியை நோக்கிப் போவதுபோல இருக்கும் இந்தப் பயணம், ஒத்துக்கொள்வதற்கு முன் கேட்கிற கடைசி ஆதாரம்.

டிவி தொடர் இங்கேதான் வழி மாறியது. முதல் சீசனில் டிராகன் யார் என்பதையே ஐந்து பேருக்கு நடுவே மர்மமாக வைத்திருந்து ஏழாவது எபிசோடில்தான் உடைத்தார்கள். மர்மம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யார் என்றே சொல்லாதபோது அவன் மறுப்பதைக் காட்ட இடம் எங்கே?

எப்படி ஒத்துக்கொள்ள வைக்கிறார்கள்?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், வழிகள் அதிகம் இல்லை.

1. வீட்டைக் கொளுத்துவது. 1977இன் 'ஸ்டார் வார்ஸ்'ஸில் லூக் வேலை இருக்கிறது என்று மறுக்கிறான், திரும்பிப் போனால் சித்தப்பாவும் சித்தியும் கருகிக் கிடக்கிறார்கள். வேகமான வழி. ஆனால் இங்கே முடிவெடுத்தது வில்லன், நாயகன் இல்லை.

2. பேசிச் சம்மதிக்க வைப்பது. கண்ணன் செய்தது. நவீன ஃபேன்டஸியில் இது அபூர்வம், எழுதுவதும் கஷ்டம்.

3. மறுப்பின் பலனைக் காட்டுவது. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனில் 12 வயது ஆங் பொறுப்பைக் கேட்டுப் பயந்து ஓடுகிறான், புயலில் சிக்கிப் பனிக்கட்டிக்குள் நூறு வருடம் தூங்கிவிடுகிறான். எழுந்து பார்த்தால் அவன் இனத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை. குழந்தைகள் தொடர் ஒன்று இவ்வளவு கடுமையான கணக்கை வைத்தது ஆச்சரியம்தான்.

4. வேறு யாரும் எழுந்திருக்காதது. அதே டோல்கீன் கதையில், மோதிரத்தை என்ன செய்வது என்று முடிவுசெய்ய ரிவென்டல் என்ற இடத்தில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னை வளர்த்த பில்போவோடு அங்கேயே நிம்மதியாக இருந்துவிட வேண்டும் என்ற ஏக்கம் நாயகன் ஃப்ரோடோவின் நெஞ்சை அடைக்கிறது. அப்புறம் மோதிரத்தை நானே கொண்டுபோகிறேன், வழிதான் தெரியாது என்கிறான், சொன்னதும் தன் சின்னக் குரலை வேறு ஏதோ ஒரு சித்தம் பயன்படுத்திக்கொண்டதுபோல அவனுக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சம்மதித்தது அவனா, விதியா என்பதை டோல்கீன் வேண்டுமென்றே அந்த ஒரு வரியில் தெளிவில்லாமல் விட்டுவிடுகிறார்.

எல்லாம் எழுதியாகிவிட்டது என்றால் தேர்வுக்கு என்ன வேலை?

இதுதான் அடுத்த குழப்பம். நடக்கப்போவது நடந்தே தீரும் என்றால் அவன் மறுத்தால் என்ன, ஒத்துக்கொண்டால் என்ன?

ஹாரி பாட்டர் வரிசை இதை நேராகவே எடுத்துப் பேசுகிறது. அதில் வில்லனை வீழ்த்தப்போகிறவனைப் பற்றிய தீர்க்கதரிசனம் இரண்டு குழந்தைகளில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தியிருக்கும், ஹாரியோடு படிக்கும் நெவிலுக்கும்கூட. அதை நம்பி ஹாரியைத் தாக்கியதன் மூலம் ஹாரியைத் தேர்ந்தெடுத்தவன் அந்த வில்லன் வோல்டமார்ட்தான். ஆறாவது புத்தகத்தில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இதை விளக்குகிறார், ஹாரிக்கு ஒன்று புரிகிறது: களத்துக்குள் இழுத்துப் போடப்படுவதும் தலைநிமிர்ந்து நடந்து போவதும் ஒன்றில்லை. போகிற இடம் என்னவோ அதேதான்.

ராண்டின் உலகத்தில் இந்தக் கேள்வி இன்னும் இறுக்கமானது. காலம் ஒரு சக்கரம், மனிதர்கள் அதில் நூல்கள், சிலரைச் சுற்றி மற்ற நூல்களே வளைகின்றன. எங்கே ஓடினாலும் ஊடுபாவு இழுத்துக்கொண்டு வந்துவிடும். பல புத்தகங்கள் கழித்து டாம் மகனைப் பார்க்க வரும்போது சொல்வது ரொம்ப எளிமையானது: என்ன செய்யவேண்டும் என்பது உன் கையில் இல்லாமல் போகலாம், அதை எதற்காகச் செய்கிறாய் என்பது உன் கையில்தான் இருக்கிறது. ஜோர்டான் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரராக இரண்டு தடவை பணியாற்றியவர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே ஆகவேண்டிய இடத்தில் மனிதனுக்கு மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்பது அவருக்குப் புத்தகக் கேள்வியாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். நாவல்களில் அடிக்கடி வரும், கடமை மலையைவிடக் கனமானது, மரணம் இறகைவிட லேசானது என்கிற வாசகமும் 1882இல் ஜப்பானியப் பேரரசர் படைவீரர்களுக்குப் பிறப்பித்த ஆணையில் இருப்பதுதான்.

'எனக்குப் பதவி ஆசை இல்லை'

தயக்கத்தை நாம் ஏன் இவ்வளவு ரசிக்கிறோம் என்பதற்கு ஒரு அரசியல் காரணமும் உண்டு. பதவியை விரும்பாதவன்தான் நல்ல ஆட்சியாளன் என்பது பிளேட்டோ காலத்து யோசனை. அதிகாரத்துக்கு ஆசைப்படுகிறவனை நாம் நம்புவதில்லை.

இதற்கு டோல்கீன் கதையில் அரியணைக்கு வாரிசான அரகார்னைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2001 படத்தில் அவன் அரியணையிலிருந்து விலகிப்போனவன், மூதாதையின் பலவீனம் என் ரத்தத்திலும் ஓடுகிறது என்று பயப்படுகிறவன். மீண்டும் வடித்த வாள் அவன் கைக்கு வருவதே மூன்றாவது படத்தில், ரிவென்டலின் தலைவர் எல்ராண்ட் கொண்டுவந்து கொடுத்த பிறகு. படம் மட்டும் பார்த்தவர்கள் நாவலைத் திறந்தால் திகைப்பார்கள். அங்கே அவன் உடைந்த வாளை எப்போதும் இடுப்பில் சுமக்கிறவன், ஆலோசனைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை மேசைமேல் போடுகிறவன், ரிவென்டலைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதை வடித்து வாங்கிக்கொள்கிறவன். புல்வெளியில் குதிரைப்படை சுற்றி வளைக்கும்போது தன் பட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, உதவப்போகிறாயா தடுக்கப்போகிறாயா, சீக்கிரம் முடிவுசெய் என்கிறான். எந்த வழியில் போவது என்பதில் அவனுக்குச் சந்தேகம் உண்டு, தான் அரசன் என்பதில் கிடையாது. ஐம்பது வருடத்தில் மாறியது பார்வையாளர்கள்தான், அரியணையை விரும்புகிற ஒரு நாயகனை நம்மால் இப்போது சும்மா ஏற்க முடியவில்லை, அதனால் அவனுக்கு ஒரு தயக்கத்தைத் தைத்துக் கொடுத்தார்கள். படத்துக்கு அது பொருந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் தயக்கமே தகுதிச் சான்றிதழ் ஆகிவிடும். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில், ஆள விரும்பாதவனே சிறந்த அரசனாக இருக்கலாமே என்று ஒரு பாத்திரம் வாய்விட்டே கேட்கிறது. அரியணைக்கு உரிமை உள்ள ஜான் ஸ்னோ 'வேண்டாம், வேண்டாம்' என்கிறான், ஏன் வேண்டாம் என்பதை அந்த சீசன் தோண்டவே இல்லை. காரணமில்லாத மறுப்பு வெறும் அடக்க வேஷம்.

ஒத்துக்கொண்ட பிறகு

பல கதைகள் சம்மதத்தோடு உள்மனப் போராட்டத்தை மூட்டைகட்டிவிடுகின்றன. நல்ல கதைகளில் அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

எல்லாத் துன்பமும் தாண்டி, மோதிரத்தைப் போட்டு அழிக்க எரிமலையின் வாய்க்கு வந்து சேர்ந்த ஃப்ரோடோ அங்கே நின்று, செய்ய வந்ததைச் செய்யமாட்டேன், மோதிரம் என்னுடையது என்கிறான். கடைசி நிமிட மறுப்பு. மோதிரத்துக்காகப் பின்தொடர்ந்து வந்த கோலம் என்பவன் பாய்ந்து விரலோடு கடித்துப் பிடுங்கி, கால் தவறி விழுந்ததால்தான் உலகம் தப்பியது. இதை ஒழுக்கத் தோல்வி என்று எண்ணக்கூடாது என்று டோல்கீன் 1963இல் ஒரு கடித வரைவில் விளக்கினார்: அவனால் முடிந்த அத்தனையையும் அவன் செலவழித்து முடித்துவிட்டான். வீடு திரும்பியும் அவனால் அங்கே வாழ முடியவில்லை. மோதிரத்தை ஏற்றபோது எதை இழப்போம் என்று பயந்தானோ, அது போயே போய்விட்டது.

ராண்டுக்கும் அப்படியே, ஒவ்வொன்றாக. கூப்பிடுகிறவர்களை நம்பமுடியாது என்று மறுத்தான் இல்லையா, ஆறாவது புத்தகத்தில் அவனைக் கூப்பிட்ட பெண் மந்திரவாதிகளில் ஒரு கூட்டமே அவனைக் கடத்திப் பெட்டியில் அடைத்துத் தினமும் அடிக்கிறது. பைத்தியம் பிடிக்கும் என்று பயந்தான், லூஸ் தெரினின் குரல் மண்டைக்குள் பேச ஆரம்பிக்கிறது. நேசிக்கிறவர்களைக் கொன்றுவிடுவேன் என்று பயந்தான். ஜோர்டான் 2007இல் இறந்த பிறகு அவர் குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் முடித்த பன்னிரண்டாவது புத்தகத்தில், ஒரு நிமிடக் கோபத்தில் ராண்ட் தன் சக்தியைத் திருப்புவது அப்பா டாமின் மேல்தான். மயிரிழையில் நிறுத்துகிறான். தான் என்ன செய்யப்போனோம் என்று உறைத்ததும் ஓடுகிறான், போய் நிற்கிற இடம் லூஸ் தெரின் செத்த, கைக்குழந்தையாக டாம் அவனைக் கண்டெடுத்த அதே மலை.

இந்த இழையை மட்டும் தொடர விரும்புகிறவர்களுக்கு 14 புத்தகத்தையும் ஒரேயடியாக எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. முதல் மூன்றை விடாமல் படியுங்கள், முன்னுரைக் காட்சியைப் படிக்காமல் தாவிவிடாதீர்கள். நான்காவதில் ராண்டின் பரம்பரை பற்றிய பகுதி கட்டாயம், ஆறாவதும் பன்னிரண்டாவதும் முழுதாக வேண்டும். எட்டிலிருந்து பத்து வரை கதை நத்தைபோல நகரும், ஒன்பதாவதின் கடைசி அத்தியாயத்தில் அந்த நஞ்சுக்கு ஒரு தீர்வு வருகிறது, அதை மட்டும் விட்டுவிட வேண்டாம். டிவி தொடர் நின்றது நான்காவது புத்தகத்தின் கட்டத்தில் என்பதால், மேலே சொன்ன பெட்டிக் காட்சியும் கடைசியில் ராண்ட் மலையில் போய் நிற்கும் காட்சியும் திரையில் வரவே இல்லை.